ஊர்த் தொட்டிக்கு ஒரு மொய்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் ஆவுடையார்கோவில் வட்டாரத்து மக்களுக்கு:

ஆவுடையார்கோவில் கூரைக்குப் பேர்போன ஊர். கருங்கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, கம்பியும் ஆணியும் கல்லிலேயே தெரியும்படி வளைத்துவிட்ட கொடுங்கை அங்கே இருக்கிறது. பழைய ஸ்தபதிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது 'ஆவுடையார்கோவில் கொடுங்கை நீங்கலாக' என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வார்கள் என்பது வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இது. கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். உருவமே இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய கூரை போட்டவர்களின் ஊரிலிருந்து, கூரைகளைப் பற்றித்தான் இந்த மடலும் பேசப்போகிறது.

கோவிலை விட்டு வெளியே வந்து மீமிசல் சாலையிலோ அறந்தாங்கி சாலையிலோ நாலு கிராமம் போனால் மூன்று விதக் கூரை கண்ணில் படும். ஒன்று வெளிநாட்டுப் பணத்தில் எழும்பிய மாடி வீடு. அதன் மொட்டை மாடியில் பகலெல்லாம் வெயில் சும்மா காயும். அடுத்தது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. தளத்தில் காரை பெயர்ந்து கம்பி எட்டிப்பார்க்கும். மூன்றாவது ஓடும் சிமெண்டு ஷீட்டும் கீற்றும் கலந்தது. சோலார் தகடு எந்தக் கூரையில் ஏறும் என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை.

மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடு இலக்கு, ரூ.75,021 கோடி ஒதுக்கீடு. 1 கிலோவாட் போட்டால் ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 மானியம். நல்ல திட்டம்தான். ஆனால் அதற்குள் நுழைய ஒரு உறுதியான தளம் வேண்டும், தன் பேரில் மின் இணைப்பு வேண்டும், மானியம் போக மிச்சத்தைக் கட்டக் கையில் காசோ கடனோ வேண்டும். மூன்றும் உள்ளவர் யார்? பெரும்பாலும் நீங்கள்தான், உங்கள் பேரில் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுதான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விசிறி, மூன்று விளக்கு, ஒரு டிவி என்று ஓடும் வீட்டுக்குப் பல தடவை பில்லே வராது, வந்தாலும் சொற்பம். அந்த வீட்டுத் தளத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குத் தகடு போட்டு மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? பில் குறையும் லாபமெல்லாம் ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான். ஆக, வீடு வீடாகச் சோலார் என்று இந்த மாநிலத்தில் போனால், மானியம் வசதியுள்ளவர் பக்கமாகவே வழிந்தோடும். இது யாருடைய சூழ்ச்சியும் அல்ல, கணக்கு அப்படி.

அப்படியென்றால் கூலிக்குப் போகும் குடும்பத்துக்கு வெயிலால் எந்த லாபமும் இல்லையா என்றால், உண்டு. அது அந்தக் குடும்பத்தின் மீட்டரில் இல்லை. ஊராட்சியின் மீட்டரில் இருக்கிறது.

ஊராட்சிக்குக் கரண்ட் இலவசம் இல்லை. ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார், மேல்நிலைத் தொட்டி, மினி பவர் பம்ப், தெருவிளக்கு எல்லாவற்றுக்கும் மின்வாரியத்துக்குக் காசு கட்டியாக வேண்டும். வரி வருமானம் சொற்பமான சின்ன ஊராட்சியில் அரசு தரும் நிதியில் கணிசமான பங்கு இந்தக் கட்டணத்துக்கே போய்விடும். குழாய் உடைந்தால் மாற்ற, வாய்க்காலில் ஒரு சிறு பாலம் போட, அங்கன்வாடிக்கு வெள்ளையடிக்க என்று எதற்குக் கேட்டாலும் 'நிதி இல்லை' என்ற பதில் அங்கேயிருந்துதான் பிறக்கிறது. அந்த பில்லைச் சோலாரால் குறைத்தால் ஊரில் மாடி வீட்டுக்காரருக்கு ஒரு பங்கு லாபம் என்றால், தலையில் குடம் வைத்துப் போகிறவருக்கு மூன்று பங்கு.

ஊருக்குப் பொதுவாக ஒன்றை அமைப்பது இந்த வட்டாரத்துக்குப் புது யோசனையும் இல்லை. கண்மாய் என்பது அதுதானே. கண்மாயைத் தனியாள் யாரும் வெட்டிக்கொள்ளவில்லை. கரையை ஊர் காத்தது, மடையைத் திறக்க ஒரு ஆள் வைத்தது, அவருக்கு அறுப்பு முடிந்ததும் களத்து நெல் அளந்தது. மீனை ஏலம் விட்டு வந்த பணம் ஊர்ப் பொதுவுக்குப் போனது. தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா என்று ஊரே கச்சாவும் வலையும் தூக்கிக்கொண்டு இறங்கும் வழக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றைக்கும் இருக்கிறது. வானத்திலிருந்து விழும் ஒன்றைப் பொதுவில் பிடித்து, பொதுவில் பங்கிடத் தெரிந்த ஜனங்கள் இவர்கள். மழைக்குச் செய்ததை வெயிலுக்கும் செய்யலாம்.

ஒரு ஊராட்சி காற்றைக் கொண்டு இதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஓடந்துறை. 1996-ல் தலைவராக வந்த ஆர்.சண்முகம் முதலில் சண்டை போட்டது ஊராட்சியின் மின்கட்டணத்தோடுதான். குடிநீர்த் திட்டங்கள் ஊருக்கு வர வர, மோட்டார் பில் ஏறிக்கொண்டே போனது. தெருவிளக்கில் சிலவற்றைச் சோலாருக்கு மாற்றினார்கள். 2003-ல் மரக்கழிவிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்ட 9 கிலோவாட் எரிவாயுக் கலன் ஒன்றை வைத்தார்கள். செலவு குறைந்தது. ஆனால் தினமும் விறகும் தூளும் தேடி ஓடுவது நிலைக்கிற வழி இல்லை என்றும் தெரிந்தது.

பிறகுதான் பெரிய துணிச்சல். 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே விலைக்கு வாங்கியது. விலை ரூ.1.55 கோடி, ஊராட்சியின் சேமிப்பு ரூ.40 லட்சம், வங்கிக் கடன் ரூ.1.15 கோடி. காற்றாலை ஓடந்துறையில்கூட நிற்கவில்லை. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, காற்று வீசும் உடுமலைப் பக்கத்து மைவாடியில் நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் தந்தது. ஊராட்சிக்குத் தேவை 4.5 லட்சம். மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். கடனும் அதிலேயே அடைந்தது. பின்னால் சண்முகத்தின் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். முதலமைச்சரின் சூரிய மின்வசதியுடன் கூடிய பசுமை வீடுகளும் அந்த ஊருக்கு நிறைய வந்தன. வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஓடந்துறையில் கவனிக்க வேண்டியது காற்றாலை அல்ல. அது யார் பேரில் இருக்கிறது என்பதுதான். வங்கி, ஓர் ஊராட்சியை நம்பி ஒரு கோடிக்கு மேல் கடன் கொடுத்தது. ஊராட்சி அதைத் திருப்பிக் கட்டியது. 'பஞ்சாயத்துக்குக் கொடுத்தால் காசு திரும்புமா' என்று சிங்கப்பூர் தேக்கா கடையில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் தமிழ்நாட்டில் கிடையாது.

ஆவுடையார்கோவில் பக்கம் வீசுவது மைவாடிக் காற்று இல்லை. இங்கே வெயில்தான் முதல். கல்லணைக் கால்வாய் போய் முடியும் கடைமடைப் பக்கம் இது. தண்ணீர் கடைசியாக வரும், சில வருஷம் வராது. மின்கம்பியின் கடைமடையும் இதுதான். லோ வோல்டேஜில் மோட்டார் முனகுவதைக் கேட்காத டேங்க் ஆபரேட்டர் இருக்க மாட்டார். வெயிலுக்குக் கடைமடை கிடையாது.

இப்போது ஒரு கணக்கு. ஒரு ஊராட்சியில் 5 ஹெச்.பி. மோட்டார் இரண்டு, தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மோட்டார் மணிக்குச் சுமார் 3.7 யூனிட் இழுக்கும். இரண்டும் சேர்ந்து நாளுக்கு 44 யூனிட். 10 கிலோவாட் தகடு நம் வெயிலில் சராசரியாக நாளுக்கு 40 யூனிட், வருஷத்துக்கு 14,000 யூனிட் தரும். வைக்க 1,000 சதுர அடி இடம் போதும். பள்ளி மாடியோ ஊராட்சி அலுவலக மாடியோ அதற்குத் தாராளம். செலவு ரூ.6 லட்சம் என்று வையுங்கள். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம் என்றால் வருஷத்துக்கு ரூ.1,12,000. ஒரு நிபந்தனை: மோட்டார் பகலில் ஓட வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கு ஓட்டிவிட்டுப் பகலில் வரும் மின்சாரத்தை வாரியத்துக்குத் தள்ளினால் கிடைக்கும் விலை குறைவு, கணக்கு உதைக்கும். தெருவிளக்கும் அப்படித்தான். அது ராத்திரிப் பிழைப்பு, சூரியனோடு ஒத்துவராது. அதனால் முதலில் மோட்டார், பிறகு பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம். விளக்கு கடைசியில்.

ரூ.6 லட்சத்துக்கு எங்கே போவது? இங்கேதான் புதுக்கோட்டையின் சொந்தச் சரக்கு ஒன்று கைகொடுக்கும்: மொய். கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கமெல்லாம் ஆடி வந்துவிட்டால் மொய் விருந்துப் பந்தல் முளைக்கும். கறிச்சோறு போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, ஒரே நாளில் லட்சக்கணக்கில் பணம் திரளும். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. வாங்கியவர் சில வருஷத்துக்குள் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது. பொருளாதாரம் படித்தவர்கள் இதற்கு நீளமான பெயர் ஏதாவது வைப்பார்கள். ஜனங்களுக்கு அது மொய், அவ்வளவுதான். கிணறு வெட்டவும் கடை வைக்கவும் மகளைக் கட்டிக்கொடுக்கவும் இத்தனை வருஷமாகப் பயன்பட்ட அந்த வழி, ஊர்த் தொட்டிக்கு மட்டும் ஏன் பயன்படாது?

அறுபது பேர், ஆளுக்குப் பத்தாயிரம். ரூ.6 லட்சம் முடிந்தது. மிச்சமாகும் ரூ.1,12,000-ல் தகட்டைக் கழுவுகிறவருக்குக் கூலி ரூ.12,000. பழுதுக்கென்று தனிக் கணக்கில் ரூ.20,000. மீதி ரூ.80,000 மொய் எழுதியவர்களுக்கு வரிசைப்படி திரும்பும். ஏழரை வருஷத்தில் எல்லோருக்கும் அசல் வந்துவிடும். தகட்டுக்கு உத்தரவாதம் பொதுவாக 25 வருஷம். ஆக, அதற்குப் பிறகு பதினேழு வருஷம் வெயில் ஊருக்கு. வட்டி கேட்பவர் இதில் சேர வேண்டாம். அவருக்கு வங்கி இருக்கிறது. திரும்பி வரும் பத்தாயிரத்தைப் பக்கத்து ஊர்த் தொட்டிக்கு எழுதச் சொல்வது அவரவர் விருப்பம்.

காகித வேலை அத்தனை சுலபம் இல்லை. ஊராட்சி தன் கணக்கிலிருந்து தனியாருக்கு மொய் திருப்ப முடியாது. கூட்டுறவுச் சங்கமாகவோ உற்பத்தியாளர் நிறுவனமாகவோ ஒன்றைப் பதிவு செய்து, தகடு அதன் சொத்தாக இருந்து, ஊராட்சி வாரியத்துக்குக் கட்டுவதைவிடக் குறைந்த விலையை யூனிட்டுக்குக் கொடுப்பது ஒரு வழி. திரும்ப வேண்டாம், கொடையாகவே தருகிறோம் என்றால் வேலை பாதியாகிவிடும்: அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் ஐந்தில் ஒன்று, மற்றதை அரசு போடும். இந்தப் பணி அதில் சேருமா என்பதை ஒன்றிய அலுவலகத்தில் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிட வேண்டும்.

உங்களில் பலருக்கு இப்போது சிங்கப்பூர் குடியுரிமை இருக்கும். அதனால் ஒரு சட்டச் செய்தி. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படுவதில்லை. வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்டவர், அவர் ஆவுடையார்கோவில் தெற்கு வீதியில் பிறந்தவராகவே இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு. வாங்கும் சங்கத்துக்கு அதற்கான பதிவு வேண்டும். இதைக் கவனிக்காமல் ஆர்வத்தில் பணம் அனுப்பிவிட்டு, ஊரில் கையெழுத்துப் போட்ட பெரியவரை நோட்டீஸுக்குப் பதில் சொல்ல வைக்காதீர்கள்.

2018 நவம்பர் 16 விடியற்காலையை யாரும் மறந்திருக்க முடியாது. வேதாரண்யம் பக்கத்தில் கரையேறிய கஜா புயல், டெல்டாவையும் புதுக்கோட்டையையும் மிதித்துக்கொண்டு போனது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. தென்னையும் பலாவும் போன துக்கம் ஒருபக்கம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத கிராமங்களில் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டல் வைத்து, டீசல் வாங்கி ஊற்றி, குடத்தோடு வரிசையில் நின்றார்கள். அப்போது வெளிநாட்டிலிருந்து நீங்கள் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதி அந்த டீசலில்தான் எரிந்தது.

சோலார் இருந்திருந்தால் தண்ணீர் ஏறியிருக்குமா? தகடு விற்க வருகிறவர் 'ஆமாம்' என்பார். அவசரப்பட வேண்டாம். வாரியத்தின் கம்பியோடு இணைத்துப் போடும் சாதாரண அமைப்பு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியருக்கு அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த பாதுகாப்பு அது. மேலே வெயில் கொளுத்தும், கீழே மோட்டார் ஓடாது. புயலிலும் ஓட வேண்டுமானால் குறைந்தது ஒரு மோட்டாராவது கம்பியை நம்பாமல் நேரடியாகத் தகட்டில் ஓடும் சோலார் பம்ப்பாக இருக்க வேண்டும், அல்லது பேட்டரியோடு கூடிய இன்வெர்ட்டர் வேண்டும். கடலோர ஊர்களுக்கு இந்த ஒரு கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. தகட்டைத் தாங்கும் சட்டம் எந்த வேகக் காற்றுக்குக் கணக்குப் போட்டது என்பது அடுத்த கேள்வி. மீமிசல், கோபாலபட்டினம் பக்கம் உப்புக் காற்று. சாதாரண இரும்புக்குப் பெயிண்ட் அடித்து நிறுத்தினால் சில வருஷத்தில் துரு தின்றுவிடும். துத்தநாகத்தில் முக்கியெடுத்த சட்டம்தான் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம், பலர் தப்பாக நினைப்பது. அக்னி நட்சத்திரத்தில் கரண்ட் கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். தகட்டுக்கு வெளிச்சம் பிடிக்கும், சூடு பிடிக்காது. 25 டிகிரிக்கு மேல் தகடு சூடாகச் சூடாக, டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும்.

தோற்ற கதையும் கேட்டால்தான் மொய் எழுதும் கை நிதானமாக எழுதும். பீகாரில் ஜெகானாபாத் மாவட்டத்தில் தர்னாய் என்று ஒரு கிராமம். முப்பது வருஷத்துக்கு மேல் மின்சாரம் பார்க்காத ஊர். 2014 ஜூலையில் கிரீன்பீஸ் அமைப்பு அங்கே 100 கிலோவாட் சோலார் நிலையம் அமைத்தது. 2,400 பேருக்கு வெளிச்சம். உலகப் பத்திரிகைகள் படம் போட்டன. அப்போது முன்னாள் முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார் வந்தபோது ஊர் ஜனம் என்ன கேட்டது தெரியுமா? 'எங்களுக்கு நிஜக் கரண்ட் வேண்டும்.' விசிறியையும் விளக்கையும் தாண்டி ஃபிரிட்ஜ், மோட்டார் என்று அந்த அமைப்பால் இழுக்க முடியவில்லை. யூனிட் விலையும் வாரியத்து விலையைவிடக் கூடுதல். சீக்கிரமே அரசின் கம்பி வந்தது, மலிவாக வந்தது. பேட்டரிகள் செத்தன. மாற்ற யாரும் காசு போடவில்லை. கொஞ்ச வருஷம் கழித்து அந்த நிலையத்தில் மாடு கட்டியிருந்தார்கள்.

தர்னாயில் தகட்டில் கோளாறு இல்லை. கொடுத்தவருக்கு அது பெருமை, வாங்கியவருக்கு அது பாதிச் சோறு. இரண்டு பேருக்கும் நடுவே பேட்டரிக்குக் காசு வைக்கும் உண்டியல் இல்லை. நீங்கள் ஊருக்குச் செய்த பல நல்ல காரியங்களும் இப்படித்தான் கிடக்கின்றன என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உபயதாரர் பெயர் பெரிதாக எழுதிய தண்ணீர்ப் பந்தல், பூட்டிய நூலகம், எரியாத ஹைமாஸ் விளக்கு. திறப்பு விழாவுக்கு விமானம் ஏறி வந்தவர்கள், பல்பு மாற்ற ஆள் வைக்கவில்லை.

குஜராத்தின் கேடா மாவட்டத்துத் துண்டி கிராமத்தில் வேறு விதமாக யோசித்தார்கள். 2016-ல் சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் துணையோடு ஆறே விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். வயலில் சோலார் பம்ப். பாசனம் போக மிச்ச மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு யூனிட் ரூ.4.63 விலையில் விற்க 25 வருஷ ஒப்பந்தம். விளைவு வேடிக்கையானது. தண்ணீரை வீணாக இறைத்தால் விற்க மின்சாரம் இருக்காது என்பதால் மோட்டாரைத் தேவைக்குமேல் ஓட்ட மனசு வரவில்லை. நிலத்தடி நீருக்கும் லாபம். லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில், வாடகைக் குடியிருப்புகளின் மாடியில், 2012-ல் அக்கம்பக்கத்தார் சின்னச் சின்னப் பங்கு போட்டு 37 கிலோவாட் அமைத்தார்கள். வரும் லாபத்தில் ஒரு பகுதி, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கக் காசில்லாதவர்களின் கட்டணச் சுமையைக் குறைக்கும் நிதிக்குப் போகிறது. அந்தப் பகுதி இளைஞர்களுக்கு அதிலேயே தொழிற்பயிற்சியும் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு மொய் என்ற சொல் தெரியாது, செய்தது கிட்டத்தட்ட அதுதான்.

பெரிய முதலீடு வந்தால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியைப் பார்க்கலாம். 2016-ல் அதானி குழுமம் அங்கே 648 மெகாவாட் நிலையத்தை எட்டே மாதத்தில் கட்டியது. 2,500 ஏக்கர், ரூ.4,550 கோடி. நாட்டுக்கு மின்சாரம் வந்தது. அது முதலாளியின் முதலீடு, லாபமும் முதலாளிக்குப் போகும். அதன் குணம் அது. ஆவுடையார்கோவில் ஒன்றியத்துக்கு அந்தப் பாதை பொருந்தாது. காவிரி டெல்டாவோடு சேர்த்து 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் அதில் சேர்ந்த ஒன்றியங்களில் இதுவும் ஒன்று. நன்செயில் தகடு வேண்டாம். கண்மாய்ப் புறம்போக்கிலும் வேண்டாம், அது ஆடு மாட்டின் பங்கு. ஊரில் இருக்கும் பொதுக் கட்டட மாடிகளே இன்னும் பத்து வருஷத்துக்குப் போதும்.

குடிநீர்த் தொட்டி என்று எழுதும்போது இந்த மாவட்டத்தில் ஒரு பெயரைத் தாண்டிப் போக முடியாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. ஊர்ப் பொது என்று நாம் பெருமையாகச் சொல்லும் சொல்லுக்குள் எல்லோரும் இருக்கிறார்களா என்ற கேள்வியை அந்தத் தொட்டி கேட்டது. அதனால் மொய் எழுதும்போதே இரண்டு நிபந்தனை போடுங்கள். முதல் தகடு காலனித் தொட்டியின் மோட்டாருக்கு. கணக்குப் பார்க்கும் குழுவில் பாதிப் பேர் அந்தத் தெருக்களிலிருந்து. இதற்கு ஊரில் முணுமுணுப்பு வந்தால், வெளிநாட்டில் உங்கள் அறையில் ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிடும் எட்டுப் பேரும் எந்தெந்தத் தெரு என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

யார் பராமரிப்பது? தகட்டைப் பத்து நாளுக்கு ஒருமுறை துடைப்பது, மீட்டர் எண்ணைக் குறிப்பது, இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன என்று பார்ப்பது, இவ்வளவுதான் அன்றாட வேலை. ராஜஸ்தானில் திலோனியா கிராமத்து வெறுங்கால் கல்லூரியில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளே சோலார் விளக்குகளைப் பிரித்துச் சேர்க்கப் பழகி, தங்கள் ஊர்களுக்குத் திரும்பிப் போய் வேலை செய்கிறார்கள். அதைக் கேட்டு வியக்க வேண்டியவர்கள் நாம் இல்லை. 1991-92-ல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். கல்குவாரிகளைப் பெண்கள் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் இங்கேதான். அன்றைக்குக் கிண்டல் செய்த வாய்கள் பின்னால் அதே சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தன. மகளிர் குழுவிலிருந்து ஊருக்கு இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, நிறுவும் நிறுவனத்திடமே பயிற்சி கேட்டு ஒப்பந்தத்தில் எழுதினால் போதும். பயிற்சி இல்லை என்று சொல்லும் நிறுவனத்துக்கு வேலையைக் கொடுக்காதீர்கள்.

பெயர்ப் பலகை பற்றி ஒரு வார்த்தை. தகட்டின் மேல் யார் பெயரும் எழுத இடமில்லை. எழுதினால் அந்த இடத்தில் நிழல் விழுந்து உற்பத்தி குறையும். மொய் எழுதியவர் பட்டியலைக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டலாம். மாதா மாதம் எத்தனை யூனிட், எவ்வளவு மிச்சம், எவ்வளவு செலவு என்பதை ஊராட்சிச் சுவரில் எழுதிப் போட்டு, அதன் படத்தை உங்கள் வாட்ஸாப் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு மாதம் படம் வரவில்லை என்றால் உடனே போன் போட வேண்டியவர் யார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள்.

பொங்கலுக்கு உங்களில் பலர் ஊருக்கு வருவீர்கள். லீவை ஒரு வாரம் நீட்ட முடிந்தவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். ஜனவரி 26 அன்று கிராம சபை. போய் உட்கார்ந்து, ஊராட்சியின் குடிநீர் மோட்டார்களுக்குக் கடந்த ஒரு வருஷம் கட்டிய மின்கட்டண ரசீதுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மீட்டர் எண், யூனிட், தொகை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மொய் நோட்டின் முதல் பக்கத்துக்கு வேண்டிய கணக்கு அதில் இருக்கிறது.